அறுக்குமுன் கேட்பவர்

அவரிடம் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, "இந்த இடத்தில் அறுத்துக் கொடுங்கள்" என்றால் உடனே அறுத்துவிட மாட்டார். வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். இரண்டு விரலால் தொங்கவிட்டு, சிறு சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோவார். பிறகு சட்டைப்பையிலிருந்து தேய்ந்துபோன சின்ன அரம் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தில் ஒரே ஒரு முறை இழுப்பார். அரம் கடித்ததா, வழுக்கியதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். அதுவரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

"பாத்தா தெரியாது டிரெசரே. கேட்டாத்தான் சொல்லும்," என்பார்.

மலாயாவில், கிள்ளானில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் இரும்புப் பட்டறையில் அவர் பிட்டர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எஞ்சினோ, ரப்பர் சீட் அடிக்கிற மெஷினோ நின்றுபோனால் பட்டறையிலிருந்து அவரைத்தான் அனுப்புவார்கள். வாரம் முழுவதும் பட்டறையின் பின்கட்டில் தங்கல். சனிக்கிழமை மாலை ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த வீட்டுக்குப் போய்விடுவார். நான் தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில் ஒரு தோட்டத்தில் டிரெசராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது பன்னிரண்டு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான். டாக்டர் கிள்ளானிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் நான்தான். பிட்டர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் பேச்சில் எனக்கு ஒருபடி மேலே நின்றுதான் பேசுவார். எனக்கு அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய்.

அவருடைய பெட்டிக்குள் ஹாக்ஸா பிளேடுகள் எண்ணெய்த் துணியில் சுற்றி மூன்று கட்டாக இருக்கும். பெரும்பல், நடுப்பல், பொடிப்பல். தடித்த, மிருதுவான இரும்புக்குப் பெரும்பல். அறுபடும் தூள் தங்கி வெளியேற இடம் வேண்டும். தகட்டுக்கும் பைப்புக்கும் பொடிப்பல். இதை யாரிடமும் அவர் பாடமாகச் சொன்னதில்லை. பட்டறையில் யாராவது தகட்டைப் பெரும்பல் பிளேடால் கரகரவென்று இழுத்தால், பல்வலி வந்தவர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தன் பிளேடுகளை ஒருவருக்கும் இரவல் தர மாட்டார். அதனால் பட்டறையில் அவருக்கு நண்பர்கள் குறைவு.

தவுக்கேக்கு அவருடைய நிதானம் பெரிய தலைவலி. "செப்பாட்! செப்பாட்!" என்று சீக்கிரப்படுத்திக்கொண்டே இருப்பார். "செக்கெஜாப் தவுக்கே, கொஞ்சம் பொறு" என்பார் இவர். அந்தக் கொஞ்சம் எப்போதும் கொஞ்சமாக இருந்ததில்லை. ஆனால் அவர் அறுத்துக் கொடுத்த துண்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் தவுக்கே அவரை வேலையைவிட்டு நிறுத்தவுமில்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

"இவரோட பாசாருக்குப் போனா வீடு வர்றதுக்குள்ள மீனு நாறிப்போவும்ணே. எந்தக் கடல்ல புடிச்சே, எப்பப் புடிச்சே, ஐசுல வச்சியா இல்லையான்னு ஒரு மீனுக்கு ஒம்பது கேள்வி. அந்த மலாய்க்காரரு இவரக் கண்டாலே கூடைய மூடிக்கிறாரு."

"கேட்டு வாங்குன மீனு ஒண்ணாவது கெட்டுப்போயிருக்கா?" என்றார் இவர்.

"வாங்குனாத்தானே கெடும்!"

மூவரும் சிரித்தோம். அன்று குழம்பு கத்தரிக்காய்க் குழம்புதான்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அவருடைய கண்ணால். எங்கள் தோட்டத்து எஞ்சினைச் சரிசெய்ய வந்தவர், வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறினார். தூள் விழுந்துவிட்டது என்றார். நான் வழக்கம்போல் குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்துக்கொண்டு கிட்டே போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"என்ன விழுந்துச்சுன்னு கேக்கவே இல்லையே?"

"எது விழுந்தா என்னங்க? எடுக்கத்தானே போறேன்?"

"மண்ணுன்னா தொடச்சா வந்துடும். இரும்புத் தூளு குத்தி நிக்கும். தொடச்சீங்கன்னா இன்னும் உள்ள ஏறும். இது இரும்பு. எம் பெட்டியில காந்தம் இருக்கு, எடுங்க."

காந்தத்தைச் சுத்தம் செய்து கண்ணருகே மெல்லக் கொண்டுபோனேன். கடுகில் பாதியளவு துணுக்கு ஒன்று அதில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை நானும் நோயாளிகளைக் கேள்வி கேட்கிறவன்தான். ஆனால் பதில் வாயிலிருந்து வருவதற்குள் மருந்தை ஊற்றத் தொடங்கியிருப்பேன். அதன் பிறகு பதில் முடியும்வரை காத்திருக்கப் பழகினேன். அந்த ஒரு பழக்கத்தால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. சிலராவது பிழைத்தார்கள்.

மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டி வாங்க நான் கிள்ளான் போவேன். போனால் பட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பகுதியில் அப்படிப் போயிருந்த ஒருநாள், சிங்கப்பூரிலிருந்து ஒரு விற்பனைக்காரர் புதுவகை வட்ட ரம்பம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் சாம்பல் நிறத்தில் அரிசி போன்ற ஒரு துண்டு பற்றவைத்திருந்தது. கார்பைடு என்றார் விற்பனைக்காரர்.

"சைக்கிள் விளக்குக்குத் தண்ணி ஊத்துற கல்லுதானே அது?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற டிரெசரே," என்று சிரித்தார் பிட்டர். "இது உலோகத்தப் பொடியாக்கிச் சுட்டு எடுக்குறது. இரும்பக் கீறும். ஆனா கண்ணாடி மாதிரி. அடி பட்டா தெறிச்சுடும்."

விற்பனைக்காரரிடம் தன் வழக்கமான கேள்விகளைத் தொடங்கினார். நிமிஷத்துக்கு எத்தனை சுற்றில் ஓட்ட வேண்டும்? எந்த உலோகத்துக்குச் செய்தது? எவ்வளவு தடிமன்வரை தாங்கும்? அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார். எதையும் அறுக்கும், எப்படி வைத்தாலும் அறுக்கும்.

"எல்லாத்தையும் அறுக்கும்னு சொல்ற ரம்பத்த வாங்காதீங்க தவுக்கே. இன்னதுக்கு இதுன்னு சொல்றவன்கிட்ட வாங்குங்க," என்று மலாயில் சொன்னார். தவுக்கே காதில் விழவில்லை. விற்பனைக்காரரின் கோட்டு அவ்வளவு வெள்ளையாக இருந்தது.

அன்றே பரீட்சை வைத்தார்கள். இன்னொரு வேலையாள் அந்த ரம்பத்தை மரம் அறுக்கும் மெஷினில் மாட்டினார். அந்த மெஷின் மரத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓடுவது. மெல்லிய இரும்புப் பைப் ஒன்றைக் கையாலேயே பிடித்து ரம்பத்தில் கொடுத்தார். பிட்டர் என் தோளைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெடிபோல ஒரு சத்தம். நான்கு பற்கள் தெறித்துப் பறந்தன. ஒன்று தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. வேலையாளுக்கு உயிர் போகவில்லை. காதில் மட்டும் கீறல். தையல் போட்டது நான்தான்.

பிட்டர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் மெஷினுக்குப் பெரிய சக்கரம் மாட்டி வேகத்தை வெகுவாகக் குறைத்தாராம். பித்தளைக் கட்டையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டினாராம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எஞ்சிய பற்களால் அறுத்துப் பார்த்தாராம். வாழைத்தண்டை அறுப்பதுபோல வழவழவென்று போயிற்றாம். அடுத்த மாதம் போனபோது எனக்கு அந்த வெட்டு முகத்தைக் காட்டினார். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"ரம்பத்து மேல தப்பில்ல டிரெசரே. எப்பவும் ரெண்டு மூணு பல்லாவது உலோகத்துக்குள்ள இருக்கணும். மெல்லிசுப் பைப்புன்னா ஒத்தப் பல்லு தனியா போயி மோதும். ஒடையாம என்ன செய்யும்?"

பறந்த நான்கு பற்களில் மூன்றை அவர் தரையைக் கூட்டித் தேடி எடுத்திருந்தார். அவற்றைப் பழைய உருக்குப் பட்டை ஒன்றில் வரிசையாகப் பற்றவைத்து, கைப்பிடி போட்டு, மூன்றே பல் உள்ள ஒரு கைரம்பம் செய்து வைத்திருந்தார். பட்டறையில் எல்லாரும் அதைப் பொக்கைவாய் ரம்பம் என்று கேலி செய்தார்கள். சாதாரண பிளேடு வழுக்கும் கெட்டி இரும்பில் தடம் போட அவர் அதைப் பயன்படுத்தினார்.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அஞ்சலை எங்கள் தோட்டத்துப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். கல்யாணமாகி மூன்று வருடம். அவள் புருஷன் முனியன் பால் மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரப்பட்டையை உளியால் சீவிப் பால் இறக்குகிறவன். அவளும் மரம் வெட்டுகிறவள்தான். ஆள் குறைந்தபோது ஸ்டோர் என்கிற ரப்பர் கொட்டகையில் சீட் மெஷினுக்கு அனுப்பினார்கள். இறுகிய ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக எடுக்கும் வேலை. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஸ்டோரிலிருந்து ஓலம் கேட்டது. நான் ஓடியபோது அவளுடைய இடது கை விரல்கள் உருளைகளுக்குள் போயிருந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். ஆனால் உருளைகளைப் பின்னோக்கிச் சுற்ற முடியவில்லை. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து நடுவில் சிக்கிக்கொண்டது.

மேல் உருளையைத் தூக்கினால் கை வரும். அதைப் பிடித்திருந்தது ஒரு பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுள்ள ஓர் ஆணி. யாரோ எப்போதோ பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றி, ஒரு முனையை வெட்டிப் போட்டது. துருவேறி இறுகியிருந்தது. சுத்தியால் அடித்தார்கள், ஒவ்வோர் அடியும் அவள் கையில் இறங்கியது. அவள் போட்ட கூச்சலில் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் ஓட்டுகிறவர் ஹாக்ஸாவை வைத்து இழுத்தார். பிளேடு சறுக்கிக்கொண்டே இருந்தது. ஐந்தே நிமிடத்தில் பல் மழுங்கிவிட்டது.

நான் ஊசி போட்டு, முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். டாக்டர் வேறொரு தோட்டத்தில் இருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், பயந்துபோயிருந்தார். தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"டிரெசர், கை எடு. ஆள் சாகக் கூடாது."

என் பெட்டியில் எலும்பு அறுக்கும் ரம்பம் இருந்தது. நான் அதைத் தனியாகப் பயன்படுத்தியதில்லை. ஒருமுறை டாக்டர் ஓர் ஆளின் காலை எடுத்தபோது பக்கத்தில் நின்று பிடித்திருக்கிறேன். காயம் ஆறியதும் அந்த ஆளை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கால் இல்லாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அவர் கப்பலேறிய பிறகு என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ரம்பத்தை வெந்நீரில் போடச் சொன்னேன்.

நல்லகாலமாகப் பிட்டர் அன்று எங்கள் தோட்டத்திலேயே இருந்தார். ஆற்றோரத்துத் தண்ணீர் பம்பைச் சரிசெய்ய முதல்நாளே வந்திருந்தார். ஆள் போய்ச் சொன்னதும் பெட்டியோடு ஓடிவந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? மண்டியிட்டு அந்த ஆணியைப் பார்த்தார். கையால் துருவைத் தேய்த்தார். சட்டைப்பையிலிருந்து அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடியும் பார்த்தார்.

அஞ்சலை கத்திக்கொண்டிருந்தாள். முனியனுக்குத் தாங்கவில்லை. பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"என்னய்யா பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கே? அறுய்யா! எம் பொண்டாட்டி சாவுறா, அறுய்யா!"

சட்டை கிழிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கும் அவரை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அவர் முனியனின் கைகளை விலக்கவில்லை.

"அஞ்சு நிமிசம் குடுப்பா. கேக்காம அறுத்தா எங்கிட்ட இருக்குற பிளேடு அத்தனையும் போயிடும். அப்புறம் டிரெசர்தான் அறுக்கணும்."

முனியனின் பிடி தளர்ந்தது. பிட்டர் ஆணியின் வெட்டுமுனைப் பக்கம் போய்க் குனிந்தார். துருவைச் சுரண்டி, அந்த வட்டத்தின் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தார். வழுக்கியது. நடுவில் வைத்து இழுத்தார். கடித்தது. எனக்குக்கூட அந்தச் சத்தத்தின் வித்தியாசம் கேட்டது. அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"தோலு மட்டுந்தான் கெட்டி. உள்ள மெதுசு. நாப்பது நிமிசம் குடுங்க டிரெசரே. கையக் காப்பாத்திடலாம்."

துரை என்னைப் பார்த்தார். முடிவு என் தலையில் விழுந்தது. நாற்பது நிமிடம் கழித்து இவர் முடியவில்லை என்றால், அந்த நாற்பது நிமிடமும் என் பொறுப்பு. அவள் உயிர் போனால் அதுவும் என் பொறுப்பு. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் சீராக அடித்தது.

"வெயிட் பண்ணலாம் துரை. நான் பொறுப்பு," என்றேன்.

பிட்டர் முனியனிடம் ஒரு வேலை கொடுத்தார். கெட்டி மரத்தில் ஆப்பு செதுக்கி, உருளைகளின் இரண்டு முனையிலும் செருக வேண்டும். ஆணி அறுந்ததும் மேல் உருளை இன்னும் அழுந்திவிடக் கூடாது. முனியன் கோடரியை எடுத்துக்கொண்டு ஓடினான். என்னிடம், "உருளை மேல கைய வையுங்க. அதிருச்சுன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்," என்றார்.

முதலில் அந்தப் பொக்கைவாய் ரம்பத்தை எடுத்தார். ஒரே திசையில், குறைந்த நீளத்தில், மெதுவாக இழுத்தார். அழுத்தவே இல்லை. இழுத்து, தூக்கி, மறுபடி முன்னால் வைத்து இழுத்தார். சாதாரண பிளேடு வழுக்கிய அதே இடத்தில் வெள்ளிக் கோடு ஒன்று விழுந்தது. கோடு ஆழமானது. ஆணியைச் சுற்றிக் கை எட்டுகிற மட்டும் அப்படியே தோலை உரித்துக்கொண்டு போனார். பாதியில் ஒரு பல் தெறித்தது. அவர் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு மீதி இரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக இழுத்தார். அரத்தால் கோட்டுக்குள் கேட்டுப் பார்த்தார். கடித்தது.

அடுத்து ஹாக்ஸாவை எடுத்துப் பொடிப்பல் பிளேடை மாட்டினார். எஞ்சின் ஓட்டுகிறவர், "பெரும்பல்லு போட்டா சீக்கிரம் போவுமே?" என்று கேட்டார்.

"போவும். ஆனா ஒதறும். ஒதறுனா அவ கைக்குத்தான் அடி."

எண்ணெயை விட்டு அறுக்கத் தொடங்கினார். முழு பிளேடும் போய்வர, நீளமாக, ஒரே சீராக. என் உள்ளங்கைக்குக் கீழே உருளை ஒருமுறைகூட அதிரவில்லை. அஞ்சலை ஊசி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். "அண்ணே, கை போயிடுமாண்ணே?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"போவாதும்மா. அறுபடுது. நீ அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இரு," என்றார் நிமிராமல்.

ஆணி அறுந்தபோது சத்தமே இல்லை. ஆப்புகள் தாங்கிக்கொண்டன. முனியனும் நான்கு பேரும் கடப்பாரையைப் போட்டு மேல் உருளையை ஒரு விரற்கடை உயர்த்தினார்கள். நான் அவள் கையை வெளியே எடுத்தேன். துரையின் காரிலேயே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போய்விட்டன. கட்டைவிரலும் மற்ற இரண்டும் நின்றன. கை நின்றது. மறுநாள் காலை துரை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் குதிரையை நிறுத்தி, "நேத்து நீ என் பேச்சு கேக்கலை," என்றார். குதிரையைத் திருப்பிக்கொண்டே "நல்லது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிட்டரைப் பிறகு பார்த்தபோது ஆள் பாதியாக இருந்தார். சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது.

"டிரெசரே, ஒண்ணு கேக்குறேன். நான் அந்த அஞ்சு நிமிசம் ஒக்காந்து பாக்காம ஒடனே அறுத்திருந்தா, அந்த ரெண்டு விரலு நின்னிருக்குமா?"

"நிக்காது. அது அப்பவே நசுங்கிப்போச்சு," என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "டாக்டரக் கேட்டுட்டுச் சொல்றீங்களா? இல்ல, நீங்களா சொல்றீங்களா?"

நானாகத்தான் சொல்லியிருந்தேன். அந்த வாரமே கிள்ளானுக்குப் போய், அறுவை செய்த டாக்டருக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து கேட்டேன். அந்த இரண்டு விரலும் முதல் நொடியிலேயே எலும்போடு நசுங்கிவிட்டன என்றார். இன்னும் அரைமணி தாமதமாகியிருந்தால் மற்ற மூன்றும் போயிருக்கும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். அவர் கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்:

"டிரெசரு வந்திருக்காரு. சோறு போடு."

நான் அன்று சாப்பிட்டதுபோல அதற்குப் பிறகு எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை.

அஞ்சலையின் காயம் ஆற மூன்று மாதம் ஆயிற்று. ஸ்டோர் வேலைக்கு இனி ஆகாது. மரம் வெட்டப் போகலாம் என்றால், உளியை இடது கை தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்று விரலில் அது நழுவியது. இரண்டு முறை மரப்பட்டையை ஆழமாகக் குத்திவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் முகம் சுளித்தார். கப்பல் என்ற சொல் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மெல்ல அடிபடத் தொடங்கியது.

நான் பிட்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே லயத்துக்கு வந்தார். கையில் மெழுகு உருண்டை ஒன்று. அதை அடுப்பருகே வைத்து இளக்கி அஞ்சலையிடம் கொடுத்தார்.

"உளியப் புடிக்கிற மாதிரி இதப் புடிம்மா. எனக்காகப் புடிக்காத. ஒனக்கு எப்படித் தோதோ அப்படிப் புடி."

அவள் பிடித்தாள். மெழுகில் மூன்று விரலின் தடமும் விழுந்தது. எங்கே வலிக்கிறது, எங்கே பலம் இல்லை, எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது கேள்விக்கும் மேலே இருக்கும். அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். அந்த மெழுகை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து, பலாமரத்தில் கடைந்த பிடி போட்ட உளி ஒன்று பட்டறை லோரியில் வந்தது.

அதைக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். விடியற்காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, மரம் வெட்டுகிறவர்கள் தத்தம் மர நிரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் அஞ்சலையும் இருந்தாள், தலையில் வாளி, கையில் உளி.

"அஞ்சலை! கை எப்படி இருக்கு? வந்து காட்டிட்டுப் போ," என்று கூப்பிட்டேன்.

அவள் நடையைக் குறைக்கவில்லை.

"நேரமாச்சுங்க டிரெசரய்யா. வெயில் ஏறிட்டா பாலு நின்னுடும்!" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, மரங்களுக்குள் போய் மறைந்தாள்.